பன்னிரண்டு மேஜைக்காரன்

11

ரௌஷனையும் எர்தெனையும் போன வாரம் மருத்துவமனை வாசலில், காருக்குள், பேச்சு அறுந்த இடத்தில் விட்டுவிட்டு வந்தோம். இரண்டாவது தடவையும் கரு தங்கவில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்த மாலை அது. "நாம எடுத்த முடிவு சரியான முடிவு. பலன் நம்ம கையில இல்ல" என்றான் எர்தென். "நீ என்ன கல்லா?" என்று கேட்டாள் ரௌஷன்.

அதற்குப் பிறகு எங்கள் கரகண்டா நகரத்தில் இலையெல்லாம் கொட்டி, பனி விழுந்து, உறைந்து, அதன்மேல் இன்னும் பனி விழுந்துவிட்டது. புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு உப்பு, பால், கார் சாவி என்ற அளவோடு நின்றது. மூன்றாவது கருவையும் வைத்தாயிற்று. ஆய்வகத்தில் உறையவைத்துப் பத்திரப்படுத்தியிருந்தவற்றில் அதுதான் கடைசி. இதற்கு மேல் வேண்டாம், அவள் உடம்பு தாங்காது என்று மருத்துவரே சொல்லிவிட்டார்.

இன்று பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போக வேண்டும். தங்கியதா இல்லையா என்று மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

விடிந்ததிலிருந்து குல்யாஷ் பௌர்சாக் பொரித்துக்கொண்டிருந்தாள். எர்தெனின் அம்மா. மூத்த பையன்கள் இருவரும் அஸ்தானாவில் குடும்பத்தோடு இருக்க, எங்கள் வழக்கப்படி கடைக்குட்டியோடு இருக்கிறாள். மாவு உருண்டைகள் எண்ணெயில் உப்பி உப்பி மேலே வந்தன. ஒரு அண்டா நிறைந்து, அடுத்த பாத்திரமும் பாதி ஆகியிருந்தது.

"யாருக்கு அத்தை இவ்வளவு?" என்று கேட்டபடி ரௌஷன் வந்து உட்கார்ந்தாள்.

"யாருக்கோ. கை சும்மா இருக்க மாட்டேங்குது." குல்யாஷ் கரண்டியோடு திரும்பி மருமகளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "எண்ணெய் வாசனை குமட்டுதா?"

"இல்ல அத்தை."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட இல்ல."

குல்யாஷ் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எர்தென் வயித்துல இருந்தப்ப எனக்கும் குமட்டல. பெரியவனுக்குத்தான் குமட்டிச்சு. இவன் அப்பவே சத்தம் இல்லாதவன்."

ரௌஷனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பால் ஊற்றிய தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எர்தென் வந்தான். இரண்டு அவித்த முட்டை, ஒரு துண்டு கறுப்பு ரொட்டி, ஒரு தம்ளர் தண்ணீர். ஐந்து வருஷமாகக் காலையில் அவன் சாப்பிடுவது அதுதான். என்ன சாப்பிடுவது என்று யோசிப்பதற்குக்கூட மூளையைச் செலவு பண்ணக் கூடாது என்பது அவன் சட்டம்.

"சூடா பௌர்சாக் இருக்கு, எடுத்துக்கடா."

"சீட்டாடி முடிச்சுட்டு சாப்பிடறேன்மா."

குல்யாஷ் கரண்டியை அப்படியே பிடித்தபடி நின்றாள். "இன்னிக்குமா?"

அவன் முட்டையை உரித்தான். ரௌஷன் எழுந்து கோட்டை மாட்டிக்கொள்ளப் போனாள்.

*

ஆய்வகத்தில் வேலை சீக்கிரம் முடிந்தது. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவள் காரில் வந்து ஏறினாள். கண்ணாடியில் உள்பக்கமாகப் பனி பூத்திருந்தது. எர்தென் அட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"என்னைக் குளத்துல விட்டுடு."

ரௌஷன் நகர நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குப் பயிற்சியாளர். சிகிச்சை தொடங்கியதிலிருந்து தண்ணீரில் இறங்குவதில்லை. கரையில் விசிலோடு உட்கார்ந்திருப்பாள்.

"வீட்டுக்கு வாயேன். இன்னிக்கு லீவு போட்டுக்கலாம்."

"வீட்டுல என்ன பண்ண? பக்கத்து ரூம்ல உன் மௌஸ் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருக்கவா?"

கார் நகர்ந்தது. சாலையில் பனி, தண்டவாளம் போல இரண்டு வரியாகக் கெட்டித்துக் கிடந்தது. நிலக்கரிப் புகை தாழ்வாக நின்றது.

"நிஜமாவே இன்னிக்கு ஆடப்போறியா?" என்று அவள் கேட்டாள்.

"ஆமா."

"எப்படி முடியுது உன்னால?"

"எல்லா நாளும் மாதிரிதான் இதுவும்னு நினைச்சுக்கணும். இன்னிக்கு மட்டும் விசேஷம்னு நினைச்சா..."

"இன்னிக்கு மட்டும் விசேஷம்தான் எர்தென்." அவள் குரலை உயர்த்தவில்லை. "உனக்கு ஒரு நாளைக்கே ஆயிரக்கணக்குல ஆட்டம். ஒண்ணு போனா போகட்டும், அடுத்தது வரும்னு உன்னால சொல்ல முடியும். எனக்கு மூணே மூணு. அதுல ரெண்டு போயிடுச்சு."

இதற்கு அவனிடம் ஒரு பதில் இருந்தது. முதல் இரண்டு தோற்றதற்கும் மூன்றாவதற்கும் சம்பந்தம் இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனி என்பது அந்தப் பதில். நல்லவேளை, அதை அவன் சொல்லவில்லை.

குளத்து வாசலில் அவள் இறங்கினாள். கதவைச் சாத்துமுன் குனிந்து, ஏதோ சொல்லப்போகிறவள் போல அவனைப் பார்த்தாள். பிறகு படியேறிவிட்டாள்.

*

எர்தென் ஆடுவது போக்கர். சூதாட்ட விடுதி, கலர் விளக்கு, சுருட்டுப் புகை எதுவும் கிடையாது. மூலை அறை, இரண்டு திரை, ஒவ்வொன்றிலும் ஆறு மேஜை. கரகண்டாவில் காலை என்றால் உலகத்தின் மறுபக்கம் இரவு. கனடாவிலும் பிரேசிலிலும் ஆட்கள் வேலை முடிந்து, சாப்பிட்டு, கணினி முன்னால் வந்து உட்காரும் நேரம். அவர்கள் முகத்தை இவன் பார்த்ததில்லை. பன்னிரண்டு மேஜையிலும் ஒரே சமயத்தில் சீட்டு விழும். ஒவ்வொன்றுக்கும் சில விநாடி. பந்தயம் கட்டு, ஏற்றுக்கொள், இல்லையென்றால் சீட்டைக் கீழே வை. அடுத்தது.

ஒரு ஆட்டத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் அவனுக்குச் செய்தியே இல்லை. சரியாக ஆடினோமா என்பதுதான் கேள்வி. சரியாக ஆடியும் தோற்கலாம், தப்பாக ஆடியும் ஜெயிக்கலாம். ஆனால் ஆயிரம் ஆயிரமாக ஆடிக்கொண்டே போனால், கடைசியில் தராசு சரியாக ஆடுகிறவன் பக்கம்தான் சாயும். ஆகவே நிறைய ஆட வேண்டும். நிறைய ஆட வேண்டுமானால் எதையும் மனதில் ஏற்றக் கூடாது. கையிருப்பு எவ்வளவு என்று காட்டும் திரை மூலையில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி மறைத்திருந்தான்.

ஆரம்பத்தில் அவன் அப்படி இல்லை. தோற்றால் சுவரைக் குத்துவான். ஜெயித்தால் ரௌஷனைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் சுற்றுவான். அந்த எர்தெனைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். பிறகு அவன் தன்னைப் பழக்கிக்கொண்டான். முதலில் தோல்வியின் கோபம் போயிற்று. அது போகும்போது வெற்றியின் சந்தோஷத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போனதை அவன் கவனிக்கவில்லை. அண்ணன் மகன் முதல் அடி எடுத்து வைக்க, காலில் நூல் கட்டி அறுக்கும் எங்கள் சடங்கு விருந்தில் எல்லோரும் எழுந்து ஆடியபோது, இவன் உட்கார்ந்தபடி "நல்லது" என்றான். பக்கத்து வீட்டு ரோசாவோடு சீட்டாடும்போது மேஜை அதிர அடித்து ஆடும் குல்யாஷ், இப்படி ஒரு மகனை நான்தான் பெற்றேனா என்று அன்றைக்கு ஊருக்கே கேட்கும்படி புலம்பினாள்.

இன்றைக்கும் கதவைச் சாத்தினான். ஹெட்போனை மாட்டினான். காதுக்குள் தாமிர் இருந்தான். ஷிம்கென்ட்டில் இருப்பவன், இவனைப் போலவே நாள் முழுக்க ஆடுகிறவன். இருவரும் ஒருவர் திரையை ஒருவர் பார்த்துக்கொண்டே ஆடுவார்கள். அவர்கள் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு: துரதிர்ஷ்டம் என்று யார் வாய் திறந்து புலம்பினாலும், மற்றவர்களுக்கு அவன் செலவில் புலாவ்.

"டேய், இன்னிக்குத்தானே ரத்தப் பரிசோதனை?" என்றான் தாமிர்.

"கொடுத்துட்டு வந்தாச்சு."

"அப்புறம் இங்க என்ன பண்றே?"

"அங்க உக்காந்து மட்டும் என்ன பண்ணப் போறேன்."

மேஜைகள் நிறைந்தன. சீட்டு விழ ஆரம்பித்தது. எர்தெனின் மூச்சு பழைய தாளத்துக்கு வந்தது. இங்கே எல்லாம் சரியாக இருந்தது. எங்கே எதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது.

அப்படித்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

"எர்தென்," தாமிரின் குரல். "அந்த ராணி ஜோடியை ஏன் கீழ வச்சே?"

"எந்த ராணி ஜோடி?"

"மூணாவது மேஜை. இப்பத்தான். கையில ரெண்டு ராணி, யாரும் விட மாட்டாத சீட்டு. எதிர்ல ஒருத்தன் சும்மா கொஞ்சம் கட்டினான். நீ தூக்கி எறிஞ்சுட்டே."

எர்தென் திரும்பிப் பார்த்தான். எறிந்திருந்தான். போன மாதம் ஆடிய ஆட்டங்களைக்கூட சீட்டுச் சீட்டாகச் சொல்லக்கூடியவனுக்கு இது நினைவே இல்லை.

"கை தவறிடுச்சு."

"அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லாத கையை வச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் போனியே, அதுவும் கை தவறிடுச்சா?"

எர்தென் தன் வலது கையைப் பார்த்தான். மௌஸ் ஈரமாக இருந்தது. அறை குளிர்ச்சிதான். தலை சூடேறித் தப்புத்தப்பாக ஆடுவதை அவர்கள் டில்ட் என்பார்கள். டில்ட் என்றால் கத்துவது, சுவரைக் குத்துவது என்றுதான் அவன் நினைத்திருந்தான். சத்தமில்லாமலும் வரும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

"எழுந்திருடா," என்றான் தாமிர். கொஞ்ச நேரம் விட்டு, மெதுவாக, "உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எழுந்து போ."

அப்போதுதான் கதவு திறந்தது.

ஐந்து வருஷத்தில் அவன் ஆடும்போது குல்யாஷ் அந்தக் கதவைத் திறந்ததே இல்லை. ஒருமுறை சமையலறைக் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டியபோதுகூட, அவன் முடித்துக்கொண்டு வரும்வரை வாளி வாளியாகப் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தவள். இப்போது மாவுக் கையில் ஒரு தொலைபேசியை இரண்டு விரலால் பிடித்தபடி நின்றாள்.

"ரௌஷன் போனை விட்டுட்டுப் போயிட்டா. வாசல் கண்ணாடி கிட்ட இருந்துச்சு. சத்தம் போட்டுச்சு. பாத்தா..."

திரையில் ஒரே வரி. உங்கள் பரிசோதனை முடிவு தயாராக உள்ளது.

*

"திற," என்றாள் குல்யாஷ்.

எர்தென் வாங்கிக்கொண்டான். திறக்கும் எண் அவனுக்குத் தெரியும். அவர்கள் கல்யாண நாள்தான்.

"திறடா. எனக்குப் படபடன்னு வருது."

"இல்லம்மா."

"என்ன இல்ல?"

"அவ இல்லாம பாக்கக் கூடாது."

"நல்லதா இருந்தா ஓடிப்போய்ச் சொல்லலாம். இல்லேன்னா..." குல்யாஷ் நிறுத்தினாள். "இல்லேன்னா எப்படிச் சொல்றதுன்னு வழியில யோசிச்சுக்கலாம். அதுக்காவது பாரேன்."

அவன் யோசித்தான். அம்மா சொல்வதில் நியாயம் இருந்தது. எந்தப் பலனானாலும் முன்கூட்டியே தெரிந்தால் தயாராகப் போகலாம். ஆனால் தயாரான முகத்தோடு அவள் எதிரில் போய் நிற்பதை நினைத்தபோது, அந்த முகம் அவனுக்கே பிடிக்கவில்லை.

"கோட்டை எடுத்துட்டு வாம்மா. கிளம்பலாம்."

திரையின் பக்கம் திரும்பி ஒவ்வொரு மேஜையாக மூடினான். "போறேன்" என்றான் காதுக்குள். "போ," என்றான் தாமிர். "நானும் இன்னிக்கு மூடிடறேன். சும்மா உக்காந்திருக்கேன். எதுவானாலும் கூப்பிடு."

குல்யாஷ் கோட்டோடு, ஒரு கிண்ணம் பௌர்சாக்கை மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கார் பாதி தூரம் போன பிறகு அவள் அவன் காலைப் பார்த்தாள்.

"டேய், வீட்டுச் செருப்போட வந்துட்டியே. வெளிய மைனஸ் இருபத்தஞ்சு டிகிரி குளிரு."

அவன் குனிந்து பார்த்துவிட்டு மேலே ஓட்டினான்.

*

நீச்சல் குளத்து வரவேற்பில் இருந்த அம்மாளுக்கு உலகத்தில் ஒரே ஒரு கவலைதான். தரை.

"செருப்போட உள்ள போகக் கூடாது. பிளாஸ்டிக் உறை போட்டுக்கங்க."

"இது வீட்டுச் செருப்புங்க."

"எந்த வீட்டுச் செருப்பு? நீங்க வீதியிலேர்ந்துதானே வர்றீங்க?"

"அவன் பொண்டாட்டியப் பாக்கணும், விடும்மா," என்று குல்யாஷ் நடுவில் புகுந்தாள். "இந்தா, பௌர்சாக் சாப்பிடு. சூடு ஆறல. தரையை நான் துடைச்சுத் தர்றேன்."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எர்தென் வெறுங்காலோடு உள்ளே போய்விட்டான்.

வெதுவெதுப்பான ஈரமும் குளோரின் வாசனையும் முகத்தில் அடித்தன. தண்ணீரில் குழந்தைகள் பலகையைப் பிடித்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தார்கள். கூரை முழுக்க எதிரொலி. கரையில் வெள்ளை நாற்காலியில், கழுத்தில் விசிலோடு ரௌஷன்.

அவனைக் கண்டதும் எழுந்தாள். அவன் கையில் தன் போனைப் பார்த்தாள். பிறகு முகத்தை. அவள் நிறம் மாறியது.

"பாத்துட்டே," என்றாள்.

"இல்ல."

"பொய் சொல்லாதே."

"பாக்கல ரௌஷன். வந்திருக்கு. திறக்கல."

"அப்புறம் ஏன் உன் முகம் அப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

பக்கத்துப் பயிற்சியாளருக்குக் கைகாட்டிவிட்டு, அவன் முழங்கையைப் பிடித்துப் பலகைகள் அடுக்கியிருந்த சிறிய அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தியதும் சத்தமெல்லாம் அமுங்கிப்போனது.

"நான் மறந்துட்டுப் போகல," என்றாள். "வேணும்னேதான் வச்சுட்டுப் போனேன்."

"எதுக்கு?"

"நீ பாத்துட்டு என்கிட்ட வரணும்னு. வாசல்ல நுழையும்போது உன் முகத்தை முதல்ல பாக்கணும்னு. இருந்தாலும் இல்லேன்னாலும் உன் முகத்துல ஏதாவது தெரியுதான்னு பாக்கணும் எனக்கு. தெரியலேன்னா..." அவள் நிறுத்தினாள். "தெரியலேன்னா பால்காஷுக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போயிடலாம்னு இருந்தேன்."

அவன் ஒரு பலகையை நகர்த்திவிட்டு உட்கார்ந்தான். கால் சில்லிட்டிருந்தது. பேச வேண்டியதை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. எப்போதும் அவனுக்கு அது தெரிந்திருக்கும்.

"முன்னாடி எட்டு மேஜைதான் ஆடினேன், ஞாபகம் இருக்கா?"

"இப்ப எதுக்கு அது?"

"ரெண்டாவது தடவை இல்லைன்னு சொன்ன வாரம் பன்னிரண்டா ஆக்கினேன். கல்லான்னு கேட்டியே, அந்த வாரம். அங்க உக்காந்தா எதுவும் வலிக்காது. ஒண்ணு போச்சுன்னு நினைக்கிறதுக்குள்ள அடுத்த சீட்டு வந்துடும். யோசிக்கவே விடாது." அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீ பக்கத்து ரூம்ல அழுதது எனக்குக் கேட்டுச்சு. நான் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கிட்டேன்."

வெளியே யாரோ விசில் ஊதினார்கள்.

"கேட்டுச்சா உனக்கு?" என்றாள் ரௌஷன்.

"கேட்டுச்சு."

"உனக்குக் கேக்கலைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அதுதான் எனக்குச் சமாதானமா இருந்துச்சு. கேட்டிருந்தா வந்திருப்பான்னு."

"வந்திருக்கணும்."

"வந்திருக்கணும்தான்." அவள் அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். மெதுவாக இல்லை. பிறகு அந்தக் கை அங்கேயே தங்கிவிட்டது.

"இன்னிக்குக் காலைல ராணி ஜோடியைத் தூக்கி எறிஞ்சுட்டேன்," என்றான் அவன். "எறிஞ்சது எனக்கே தெரியாது."

போக்கரில் அவளுக்கு எதுவும் தெரியாது. ஆனால் கல்யாணம் ஆன நாளாக அவன் பேச்சைக் கேட்டு வந்தவள். அது என்ன மாதிரி காரியம் என்று புரிந்தது. அவன் பக்கத்தில், பலகைகள்மேல் உட்கார்ந்தாள்.

"திற."

அவன் எண்ணை அழுத்தினான். தப்பு. மறுபடி அழுத்தினான். அதுவும் தப்பு. அவள் வாங்கித் தானே திறந்தாள்.

எர்தென் திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்கு," என்றாள்.

"இருக்கா?"

"இருக்கு. ஆனா கம்மி. இந்த நாளுக்கு எவ்வளவு இருக்கணும்னு டாக்டர் சொன்னாரோ, அதைவிடக் கம்மி."

உடனே மருத்துவரை அழைத்தார்கள். இருவரும் காதை ஒட்டவைத்துக் கேட்டார்கள். கரு ஒட்டியிருக்கிறது, அது நிச்சயம். ஆனால் ரத்தத்தில் அதைக் காட்டும் ஹார்மோன் எண் குறைவு. மெதுவாக ஏறும் கருவாகவும் இருக்கலாம், நிற்காமல் போகும் கருவாகவும் இருக்கலாம். இரண்டு நாள் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள், எண் இரட்டித்தால் நல்லது என்றார். அவசரமில்லாத, அன்பான குரல். அவருக்குப் பின்னால் யாரோ அடுத்த நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

போனை வைத்தபின் ரௌஷன் கேட்டாள். "நீ இதையெல்லாம் படிச்சிருப்பே."

"படிச்சேன்."

"இந்த எண்ணுக்கு நூத்துல எத்தனை?"

அவனுக்குத் தெரியும். எந்த எண்ணுக்கு எத்தனை என்று வரி வரியாக மனப்பாடம். வாய்வரை வந்தது.

"அது ஆயிரம் பொம்பளைங்களை வச்சு போட்ட கணக்கு ரௌஷன். உனக்குப் போட்டது இல்ல."

"அப்ப எனக்கு?"

"தெரியல."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கண்கள் நிரம்பியிருந்தன. அவன் துடைக்கவில்லை, துடைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை போலிருந்தது. உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அவள் அவன் தலையை இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். விசில் அவன் காதில் இடித்தது. இருவரும் அதைச் சரிசெய்யவில்லை.

*

வெளியே வந்தபோது வரவேற்பில் கிண்ணம் காலியாக இருந்தது. எர்தெனின் செருப்பை அந்த அம்மாள் துடைத்து, வெந்நீர்க் குழாய்மேல் வைத்துச் சூடாக்கியிருந்தாள். குல்யாஷ் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கேட்கத் தைரியம் வரவில்லை. மூவரும் காரில் ஏறி, கதவைச் சாத்திய பிறகுதான் ரௌஷன் சொன்னாள். இருக்கிறது, ஆனால் குறைவு, இரண்டு நாள் காத்திருக்க வேண்டும்.

பின் சீட்டிலிருந்து குல்யாஷின் கை நீண்டு வந்து மருமகளின் கன்னத்தைத் தொட்டது. "ஐனாலாயின்," என்றாள். என் கண்ணே என்பதற்கு எங்கள் பேச்சில் அதுதான் சொல். இன்னொரு முறையும் சொன்னாள். பிறகு ரொம்ப நேரம் மூக்கை உறிஞ்சினாள்.

எர்தென் வண்டியைக் கிளப்பப்போனபோது, "இருடா," என்றாள். "ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"என்னம்மா?"

"நீங்க ரத்தம் கொடுக்கப் போனீங்கல்ல, அப்ப எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. சம்பந்தியம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன்."

ரௌஷன் மெல்லத் திரும்பினாள். "எங்கம்மாவுக்கா?"

"ஆமா."

"எங்கம்மாகிட்ட நாங்க எதுவுமே சொல்லலையே அத்தை. சிகிச்சைக்குப் போறதே தெரியாதே."

"இப்பத் தெரியும்."

"என்ன சொன்னீங்க?"

குல்யாஷ் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "பேரனோ பேத்தியோ வரப்போகுதுன்னு சொன்னேன்."

"வரலாம்னு சொன்னியா, வரப்போகுதுன்னு சொன்னியா?" என்று எர்தென் கேட்டான்.

"நான் என்ன உன் கம்ப்யூட்டரா, நூத்துல இத்தனைன்னு சொல்ல? வரப்போகுதுன்னுதான் சொன்னேன். அவங்க போன்லயே அழுதாங்க. உடனே பஸ் ஏறிட்டாங்க. புகைபோட்ட மீன் எடுத்துட்டு வர்றாங்களாம். சாயங்காலம் இறங்கிடுவாங்க."

ரௌஷன் சிரித்தாள். முதலில் மூச்சு மாதிரி வந்தது. அப்புறம் தோளெல்லாம் குலுங்கியது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டு எர்தென் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். சிரித்துக்கொண்டே இருந்தவள் கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அம்மா வந்து இறங்கினதும் என் வயித்தைத்தான் தொட்டுப் பாப்பாங்க," என்றாள் கைக்குள்ளிருந்து. "என்ன சொல்றது அவங்ககிட்ட?"

"உள்ளதைச் சொல்லலாம். இருக்கு. கம்மியா இருக்கு. பயமா இருக்குன்னு."

"யாருக்குப் பயமா இருக்கு?"

"எனக்கு," என்றான் எர்தென்.

பஸ் வர இன்னும் நிறைய நேரம் இருந்தது, ஆனாலும் கார் பேருந்து நிலையம் இருந்த பக்கம் திரும்பியது.